எங்கள் பங்கில் பார்க்க ஐந்து, செய்ய ஐந்து

இராமலெட்சுமி டீச்சர் எழுதத் தொடங்குவதற்கு முன் வெண்கட்டியை எப்போதும் இரண்டாக உடைப்பார். ஒரு பாதி எழுதுவதற்கு. மறு பாதி, வகுப்பில் கதைப்பவர்கள் மேல் எறிவதற்கு.

அன்று வெள்ளிக்கிழமை. அவர் கரும்பலகையில் எழுதியது இதுதான்: எங்கள் ஊர். பார்க்க ஐந்து, செய்ய ஐந்து.

"வர்ற வியாழக்கிழமை நம்ம வகுப்புக் கண்காட்சி," என்றார் டீச்சர். "ஒவ்வொருத்தரும் ஒரு அட்டையில உங்க ஊரைப் பத்தி எழுதணும். அங்க வாரவங்க பார்க்க வேண்டியது அஞ்சு, செய்ய வேண்டியது அஞ்சு. ஆனா உங்க அட்டையை நீங்க வாசிக்கக் கூடாது. பக்கத்தில இருக்கிற ஆள்தான் வாசிக்கணும். அப்பதான் உங்க எழுத்து மனுசருக்கு விளங்குதான்னு தெரியும்."

"டீச்சர், எங்கட வெள்ளவத்தைக்கு அஞ்சு காணாது!" என்றான் சவுந்தரநாயகம். அவன் கொழும்பின் அந்த முனையிலிருந்து இந்த முனையில் இருக்கும் கொட்டாஞ்சேனைக்குக் குடிவந்து ஒரு வருடமாகிவிட்டது. ஆனால் அவனுடைய வாய் மட்டும் இன்னும் வெள்ளவத்தையிலேயே குடியிருந்தது.

வெண்கட்டியின் மறு பாதி அவன் பக்கமாகப் பறந்தது.

மர்லியாவுக்கு ஒரே சந்தோஷம். அவள் பிறந்து வளர்ந்தது கொட்டாஞ்சேனையில். கொட்டாஞ்சேனையை அவளுக்குத் தெரிந்த அளவுக்குக் கொட்டாஞ்சேனைக்கே தெரியாது. ஐந்து என்ன, ஐம்பது எழுதுவாள்.

அவள் பக்கத்தில் இருந்த பிள்ளையைத் திரும்பிப் பார்த்தாள். அது புதுப் பிள்ளை, வந்து இரண்டு கிழமைதான் ஆகிறது. பெயர் பெனடிக்ரா. மெலிந்த கைகள், இறுக்கிப் பின்னிய இரட்டைப் பின்னல். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வாள், அதுவும் பாதிதான் சொல்வாள்.

"உன்ட அட்டையை நான்தான் வாசிக்கணும்," என்றாள் மர்லியா. "நீ எந்த ஊர்?"

"கொட்டாஞ்சேனை."

"அது இப்ப. அதுக்கு முந்தி?"

"கொட்டாஞ்சேனைதான்," என்று சொல்லிவிட்டு பெனடிக்ரா கொப்பியைத் திறந்து வைத்துக்கொண்டாள். அந்தப் பக்கத்தில் ஒன்றுமே எழுதியிருக்கவில்லை. ஆனாலும் அதைக் கவனமாக வாசித்தாள்.

மர்லியா சும்மா விடுகிற ஆளா?

"அப்ப சந்தைக்குப் பின்னால ஈக்கிற மணிக்கூட்டுக் கடை எந்தப் பக்கம், சொல்லு பாப்போம்."

பெனடிக்ரா விழித்தாள்.

"சந்தைக்குப் பின்னால மணிக்கூட்டுக் கடையே இல்ல," என்றாள் மர்லியா. ஆனால் அந்த முகத்தைப் பார்த்ததும் அவளுக்குப் பாவமாகப் போய்விட்டது. "சரி, சரி. நாளைக்குச் சனிக்கிழமைதானே? நான் கூட்டிப் போய் எல்லாம் காட்டுறேன். பாத்துட்டு எழுது."

*

மர்லியாவின் வாப்பா பலீல் குடை திருத்துகிறவர். ஒழுங்கை முனையில் ஒரு பெட்டி அளவு கடை. உள்ளே ஒருவர் உட்காரலாம், குடைகள் மட்டும் நூறு தொங்கும். மறுநாள் காலை இரண்டு பேரும் அங்கிருந்துதான் புறப்பட்டார்கள்.

ஒழுங்கை பெரிய தெருவில் சேரும் இடத்தில் மணல் மூட்டைகள் அடுக்கியிருந்தன. யுத்த காலம் அல்லவா? கொழும்பில் அந்த நாட்களில் தெருவுக்குத் தெரு அப்படித்தான் இருக்கும். மூட்டைகளுக்குப் பின்னால் நின்ற பொலிஸ்காரர் மர்லியாவைப் பார்த்துச் சிரித்தார். போன மாதம் வாப்பாதான் அவருடைய குடைக்குப் புதுக் கம்பி போட்டுக் கொடுத்தார்.

"கொஹெத நங்கி?" என்று கேட்டார். எங்கே போகிறாய் தங்கச்சி என்று சிங்களத்தில் அர்த்தம்.

"பல்லியட!" என்றாள் மர்லியா. கிறிஸ்தவக் கோயிலுக்கு என்று அர்த்தம்.

மூட்டைகளைத் தாண்டிப் பத்து அடி போன பிறகுதான் பெனடிக்ரா மூச்சு விட்டாள். அவள் மர்லியாவின் கையைப் பிடித்திருந்த பிடியில் வளையல் இரண்டும் தோலில் பதிந்துவிட்டன.

"என்ன, பயமா?" என்றாள் மர்லியா.

"இல்லை," என்றாள் பெனடிக்ரா. அது பாதிப் பதில் என்று மர்லியாவுக்கு விளங்கியது.

மர்லியா ஒன்றையும் விடவில்லை. மிளகாய் அரைக்கும் மில்லைக் காட்டினாள். அங்கே தும்மாமல் தாண்டினவர்கள் இதுவரை யாரும் இல்லை. தேர் நிறுத்தும் பெரிய கொட்டகையைக் காட்டினாள். பூட்டுக்கு மேல் பூட்டாக ஏழு பூட்டுப் போட்ட நகைக்கடையைக் காட்டினாள். கடைசியாக மேட்டில் நிற்கும் பெரிய கோயிலுக்குக் கூட்டிப் போனாள்.

இரண்டு பேரும் கோயில் படியில் உட்கார்ந்து கச்சான் கடலை உடைத்தார்கள். கூரைகளுக்கும் துறைமுகத்துப் பாரந்தூக்கிகளுக்கும் நடுவே ஒரு சாண் அளவு கடல் தெரிந்தது.

"பாரு, கடல்!" என்றாள் மர்லியா, அதைத் தானே செய்து வைத்த மாதிரி.

பெனடிக்ரா அந்த ஒரு சாண் கடலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளை அறியாமலே வாய் திறந்தது.

"எங்கட பங்கில கோயில் வாசல் கடலைப் பாத்துத்தான் இருக்கும்."

அந்த நேரம் பார்த்துத் தெருவின் அந்தப் பக்கத்துப் பள்ளிவாசலில் லுஹர் தொழுகைக்குப் பாங்கு ஒலித்தது. மர்லியா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு ஆச்சரியத்தோடு திரும்பினாள்.

"உங்கட பாங்கா?"

"ஓம். எங்கட பங்கு."

"நீங்களும் சொல்லுவீங்களா?"

"சொல்லுவமே. ஆர் கேட்டாலும் சொல்லுவம்."

"கேட்டாத்தான் சொல்லுவீங்களா? ஒரு நாளைக்கு அஞ்சு தரம் சொல்ல வேணாமா?"

"அஞ்சு தரமோ?" பெனடிக்ரா பயந்தே போனாள். "ஏன், ஒருக்காச் சொன்னா விளங்காதோ?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்து விழித்தார்கள். பிறகு மர்லியா விரலால் படித் தூசியில் 'பாங்கு' என்று எழுதினாள். பெனடிக்ரா அதற்குக் கீழே 'பங்கு' என்று எழுதினாள். நடுவில் நின்ற ஒரே ஒரு அரவு, அந்தத் துணைக்கால், செய்த வேலை! இரண்டு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். பெனடிக்ரா சிரித்ததை மர்லியா பார்த்தது அதுதான் முதல் தரம்.

"பங்கு எண்டா, ஒரு கோயிலைச் சேர்ந்த சனம், வீடு வாசல் எல்லாம்," என்று விளங்கப்படுத்தினாள் பெனடிக்ரா. "கோயிலுக்குப் பொறுப்பான ஃபாதர் பங்குச் சுவாமி."

"பங்கு போட்டுக் குடுக்கிற சுவாமியா?"

"இல்லை! அந்தப் பங்கு கடற்கரையில போடுறது." இப்போது பெனடிக்ராவை நிறுத்த முடியவில்லை. "கரைவலை இழுத்து முடிஞ்சா, மீனை மணலில கும்பி கும்பியாக் குவிப்பினம். எல்லாக் கும்பியும் ஒரே அளவா வராதுதானே? அதுக்கு ஒரு வேலை செய்வினம். ஒரு சின்னப் பிள்ளையைக் கும்பிகளுக்கு முதுகு காட்டி நிக்க விடுவினம். பெரியாக்கள் ஒரு கும்பியைத் தொட்டு 'இது ஆருக்கு?' எண்டு கேப்பினம். பிள்ளை பாக்காமல் ஒரு பேரைச் சொல்லும். அந்தக் கும்பி அவருக்கு. ஆரும் சண்டை பிடிக்கேலாது."

"அந்தப் பிள்ளை யாரு?"

"நான்தான்," என்று பெனடிக்ரா நிமிர்ந்து உட்கார்ந்தாள். "ரெண்டு வருசம் நான்தான் முதுகு காட்டினனான். அதுக்கு ஒரு சட்டம் இருக்கு. சுகமில்லாமலோ வேற ஊருக்குப் போயோ கரைக்கு வராத ஆக்களிண்ட பேரைத்தான் முதல்ல சொல்லோணும். வந்து நிக்கிற ஆக்களுக்குப் பிறகுதான்."

"எந்தக் கரையில?" என்று கேட்டாள் மர்லியா.

பெனடிக்ரா கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கண் இரண்டும் நிறைந்துவிட்டன.

பிறகு அவள் மெதுவாகச் சொன்னாள். அவளுடைய ஊர் வடக்கே ஒரு தீவு. அம்மா இறந்து மூன்று வருடம். அப்பா வள்ளத்தை விட்டு வர முடியாமல் அங்கேயே நிற்க, அவளை மட்டும் கொழும்புக்கு மாமியிடம் அனுப்பிவிட்டார். அவருடைய கடிதம் வந்து நான்கு மாதமாகிறது. போன மாதம் ஒரு சோதனைச் சாவடியில் பேர்னாட் மாமாவின் அடையாள அட்டையைப் பார்த்திருக்கிறார்கள். அதில் தீவின் பெயர் இருந்தது. அந்த ஒரு பெயருக்காக மாமாவை அரை நாள் நிறுத்தி வைத்துவிட்டார்கள்.

"அண்டைக்கே மாமி சொல்லிப்போட்டா, ஊர்ப் பேர் வாயில வரக்கூடாது எண்டு. நீ ஆருக்கும் சொல்லாத."

"சொல்ல மாட்டேன்."

"உன்ர அப்பாவுக்கும்?"

"வாப்பாவுக்கும் சொல்ல மாட்டேன். சத்தியமா." மர்லியா கச்சான் கோதுகளைக் கூட்டி எடுத்தாள். ஒரு விஷயம் அவளுக்குக் கவலையாக இருந்தது. "ஆனா எனக்குப் பொய் சொல்லவும் வராது. சொன்னா என்ட காது சிவந்து போகும். வீட்டில எல்லாருக்கும் தெரியும்."

*

திங்கட்கிழமை பெனடிக்ரா அட்டையோடு வந்தாள். 'எங்கள் ஊர் கொட்டாஞ்சேனை' என்று தொடங்கியிருந்தாள். முதலாவது, பெரிய கோயில். இரண்டாவது, மிளகாய் மில். இரண்டாவதுக்குப் பிறகு ஒன்றும் இல்லை.

"பொய் எழுதின மாதிரி இருக்கு," என்றாள். "இது உன்ர ஊர். நான் இரவல் வாங்கி எழுதிறன்."

மர்லியா அதை மெல்ல வாசித்துப் பார்த்தாள். "எங்கள் ஊர் கொட்டாஞ்சேனை..." அவளுடைய காது சூடாகத் தொடங்கியது. தொட்டுப் பார்த்தாள். சந்தேகமில்லை, சிவப்புத்தான்.

"எழுதாட்டி வெறும் அட்டையோட எல்லாருக்கும் முன்னால நிக்கோணும்," என்றாள் பெனடிக்ரா. "உண்மையை எழுதினா மாமிக்குத் துரோகம். என்ன செய்யிறது?"

வகுப்பில் பேச்சுப்போட்டி, பாட்டுப்போட்டி எல்லாவற்றிலும் முதலாவதாக வருகிற மர்லியா, அட்டையைத் தலைகீழாகத் திருப்பிக்கூடப் பார்த்தாள்.

பின்னேரம் மர்லியா குடைக்கடை வாசலில் கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருந்தாள். வாப்பா ஒரு கம்பியைப் பல்லில் கடித்தபடி தைத்துக்கொண்டிருந்தார். குடை வாங்கிப் போக வந்த பக்கத்துத் தெரு அங்கம்மா அக்கா வாசல் வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்தார்.

"வாப்பா, பங்குன்டா என்ன?"

"கூறு," என்றார் வாப்பா கம்பிக்கு இடையால். "ஹஜ்ஜுப் பெருநாளைக்கு இறைச்சி மூணு பங்கு வெக்கிறோமே, மகள். எங்களுக்கு ஒண்டு, சொந்தக்காரருக்கு ஒண்டு, இல்லாதவங்களுக்கு ஒண்டு. அந்தப் பங்கு."

"அது இறைச்சிக்கு," என்றார் அங்கம்மா அக்கா. "எங்க தெருவுல பங்குன்னா திருவிழாப் பங்கு. தேர் இழுக்கிற வடத்துல எங்க தெருவுக்குன்னு இவ்வளவு தூரம் இருக்கு. அதுல வேற தெருக்காரன் கை வச்சான்னா பாத்துக்க!"

வாப்பா சிரித்தார். கம்பி கீழே விழுந்தது. அதைத் தேடக் குனிந்த மர்லியா நிமிரும்போது அவள் முகம் மாறியிருந்தது. ஒரே சொல்தான். ஆனால் வாப்பாவின் காதில் இறைச்சியாக விழுகிறது. அங்கம்மா அக்காவின் காதில் தேர்வடமாக விழுகிறது. யாரும் பொய் சொல்லவும் இல்லை.

"கண்டுபிடிச்சிட்டேன்!" என்று கத்தினாள்.

"கம்பியையா?" என்றார் வாப்பா.

"அது இல்ல!" என்று சொல்லிக்கொண்டே ஓடிவிட்டாள். கம்பியை வாப்பாவே தேடி எடுத்தார்.

*

செவ்வாய்க்கிழமை அட்டையின் தலைப்பு மாறியது. 'எங்கள் ஊர்' என்ற இடத்தில் 'எங்கள் பங்கு' என்று வந்தது. ஊர்ப் பெயர் எங்கேயும் இல்லை. மற்றபடி பெனடிக்ரா எழுதியதெல்லாம் உண்மை. எழுதத் தொடங்கியவள் இடைவேளை மணியைக்கூடக் கேட்கவில்லை.

புதன்கிழமை சவுந்தரநாயகம் அதை எட்டிப் பார்த்துவிட்டான்.

"எங்கள் பங்கு? அது எந்த ஊர்? பேரைக் காணேல்ல!"

"உனக்கு எதுக்கு?" என்றாள் மர்லியா.

"நாளைக்குக் கேப்பன். எல்லாருக்கும் முன்னால எழும்பி நிண்டு கேப்பன்."

அன்று இரவு பெனடிக்ரா செபம் சொல்லும்போது, நாளைக்கு மழை பெய்து பள்ளிக்கூடம் மூடவேண்டும் என்று மாதாவிடம் கேட்டாள். மழை பெய்யவில்லை. ஆனால் வியாழக்கிழமை காலையில் சவுந்தரநாயகம் உட்காரும் கதிரை வெறுமையாக இருந்தது. அவனுக்குக் காய்ச்சலாம்.

"தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு," என்று மர்லியா காதோடு சொன்னாள். பெனடிக்ராவுக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, கொஞ்சம் குற்றமாகவும் இருந்தது. அவள் மழைதானே கேட்டாள், காய்ச்சலைக் கேட்கவில்லையே!

மண்டபம் நிறைய அப்பாக்களும் அம்மாக்களும் இருந்தார்கள். முன் வரிசையில் ஸஹாப்தீன் சேர் உட்கார்ந்திருந்தார். ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபர். வெள்ளைத் தாடி, மடியில் ஒரு கொப்பி, கையில் மூடி திறந்த பேனை. ஒவ்வொரு பிள்ளையிடமும் ஒரு கேள்வி கேட்டு, பதிலை எழுதி, புள்ளி போட்டார். டீச்சர் இதைப் பற்றி மூச்சுக்கூட விடவில்லை!

சவுந்தரநாயகத்தின் அட்டையை டீச்சரே வாசித்தார். வெள்ளவத்தையில் பார்க்க: கடல், கடலோரத்து ரயில், மறுபடி கடல், அடுத்த ரயில், ஐஸ்கிரீம். மண்டபம் சிரித்து ஓய்ந்ததும் மர்லியா மேடைக்குப் போனாள்.

"எங்கள் பங்கு," என்று தொடங்கினாள். "எழுதியவர் பெனடிக்ரா.

"பார்க்க ஐந்து. ஒன்று, கடலைப் பார்த்த கோயில். வாசலில் நின்றால் முகம் உப்புக் கரிக்கும். இரண்டு, சீமெந்து இல்லாமல் கல்லை மட்டும் அடுக்கிய மதில். பூனை ஏறலாம், ஆடு ஏறினால் அடி விழும். மூன்று, பக்கத்தில் பக்கத்தில் இரண்டு கிணறு. ஒன்று நல்ல தண்ணீர், ஒன்று உப்பு. புதிதாக வருபவர்களுக்கு நாங்கள் முதலில் உப்புக் கிணற்றைத்தான் காட்டுவோம்."

பின்னாலிருந்து யாரோ பலமாகச் சிரித்தார்கள்.

"நான்கு, மாரியில் வரும் பூநாரைகள். ஒற்றைக் காலில் நிற்கும். யாரும் அவற்றுக்குத் தண்டனை கொடுக்கவில்லை. ஐந்து, கோயில் மணி. பனிப்புகார் மூடிய நாளில் கடலில் நிற்கிற வள்ளங்களுக்குக் கரை எங்கே என்று சொல்ல அதை அடிப்பார்கள். அன்றைக்கு மணியைப் பார்க்க முடியாது, கேட்கத்தான் முடியும். ஆனாலும் சேர்த்திருக்கிறேன்.

"செய்ய ஐந்து. ஒன்று, கடல் வற்றினால் மணல் திட்டுவரை நடந்து போகலாம். திரும்பி வரும்போது ஓட வேண்டும். இரண்டு, கரைவலை இழுக்கலாம். சின்னப் பிள்ளைகள் கயிற்றைத் தொட்டுக்கொண்டு சத்தம் போட்டால் போதும். மூன்று, பூசைக்குச் செருப்பில்லாமல் போகலாம். மணல் சுடுவதால் யாரும் பிந்துவதில்லை. நான்கு, மீன் கும்பிகளுக்கு முதுகு காட்டி நின்று, 'இது ஆருக்கு?' என்று கேட்டால் பெயர் சொல்லலாம். ஐந்து, வராதவரின் பெயரை முதலில் சொல்ல வேண்டும்."

மண்டபம் முழுவதும் கைதட்டல் எழுந்தது. அது அடங்கியதும் ஸஹாப்தீன் சேர் பேனையைத் தூக்கினார்.

"நல்லா ஈக்கி, மகள். இது எந்த ஊர்ப் பங்கு?"

சவுந்தரநாயகம் கேட்டிருந்தால் முறைத்துத் தப்பியிருக்கலாம். இவரை எப்படி முறைப்பது? பெனடிக்ரா நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

ஆனால் பதில் வேறு திசையிலிருந்து வந்தது.

"அது எங்கட கல்பிட்டி, சேர்!" என்று ஒருவர் எழும்பினார். "அந்த உப்புக் கிணத்துத் தண்ணியை நான் குடிச்சீக்கிறேன்!"

"கல்பிட்டியோ? இது நீர்கொழும்பு!" என்றார் ஒரு அப்பா. "மணி அடிக்கிறதைக் கேட்டு நாங்க கரைக்கு வந்திருக்கிறம்."

"இல்ல, இல்ல, சிலாபம்," என்றார் கதவருகே நின்ற பள்ளிக்கூடக் காவலாளி. "எங்க தாத்தாவும் அப்படித்தான் மீன் பிரிக்கிறது."

பின் வரிசையில் ஒரு அம்மா எதையோ சொல்ல வாயைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டு, சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார்.

"சத்தம், சத்தம்!" என்று ஸஹாப்தீன் சேர் கையைத் தூக்கினார். "வாசிச்ச பிள்ளை சொல்லட்டும். யார் சொல்றது சரி?"

"எல்லாரும் சொல்றது ஒரு தீவைத்தான், சேர்," என்றாள் மர்லியா.

"தீவா? எந்தத் தீவு?"

மர்லியா ஒரு காதைத் தொட்டுப் பார்த்தாள். குளிர்ந்துதான் இருந்தது.

"இலங்கை, சேர்."

மண்டபம் கொல்லென்று சிரித்தது. ஸஹாப்தீன் சேரும் தாடி குலுங்கச் சிரித்தார். சிரித்துக்கொண்டே அவர் பார்வை பெனடிக்ராவின் மேல் விழுந்தது. நாற்காலியைப் பிடித்திருந்த அந்தக் கைகளைப் பார்த்தார். சிரிப்பு நின்றது. கொப்பியில் ஊர்ப் பெயருக்கு விட்டிருந்த இடத்தை வெறுமையாகவே விட்டுவிட்டுப் பேனையை மூடினார்.

"சரியான பதில்," என்றார். "பத்துக்குப் பத்து."

*

கண்காட்சி முடிந்ததும் டீச்சர் ஒரு பெரிய பெட்டியைத் திறந்தார். பேர்னாட் மாமா வேலை செய்யும் பேக்கரியிலிருந்து கொடுத்தனுப்பிய மாலு பணிஸ். மீன் வைத்துச் சுட்ட பன். வடிவு பிசகிப் போனவை என்பதால் ஒன்று பூசணிக்காய் மாதிரி, ஒன்று புளியங்கொட்டை மாதிரி இருந்தது. பூசணிக்காய்க்கு ஒரே நேரத்தில் ஆறு கைகள் நீண்டன.

"நில்லுங்கோ!" என்று ஒரு குரல் கேட்டது.

பெனடிக்ராதான். அவளுக்கு இவ்வளவு பெரிய குரல் இருப்பது அன்றுவரை வகுப்புக்குத் தெரியாது. அவள் பணிஸ்களை மேசையில் பரப்பினாள். அவற்றுக்கு முதுகு காட்டி நின்றாள்.

"மர்லியா, நீ தொடு."

மர்லியா குறும்போடு பூசணிக்காயைத் தொட்டாள். "இது ஆருக்கு?"

"சவுந்தரநாயகத்துக்கு."

"ஐயோ!" என்றது வகுப்பு முழுவதும். ஆனால் சட்டம் சட்டம்தான். யாரும் சண்டை பிடிக்கவில்லை. ஒவ்வொரு பெயருக்கும் ஒரு சிரிப்பு, ஒரு கைதட்டல். மர்லியாவுக்குக் கிடைத்தது புளியங்கொட்டை.

பாடசாலை விட்டதும் இரண்டு பேரும் பூசணிக்காயைத் தாளில் சுற்றிக்கொண்டு சவுந்தரநாயகத்தின் வீட்டுக்குப் போனார்கள். அவன் கழுத்துவரை போர்த்திக்கொண்டு படுத்திருந்தான்.

"எனக்கா? ஏன்?"

"வராத ஆளிண்ட பங்கு," என்றாள் பெனடிக்ரா.

சவுந்தரநாயகம் பணிஸைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். கேட்பதற்கு வைத்திருந்த கேள்வி எங்கே போனதோ தெரியவில்லை.

"வெள்ளிக்கிழமையும் ஏதும் குடுப்பாங்களா?" என்று மட்டும் கேட்டான். "நாளைக்கும் எனக்குக் காய்ச்சல் வரும் போல கிடக்கு."

திரும்பி வரும் வழியில், மணல் மூட்டைகளுக்கு இந்தப் பக்கம், ஒழுங்கை பிரியும் இடத்தில் மர்லியா நின்றாள். பையிலிருந்து ஒரு சின்னத் தாள் பொட்டலத்தை எடுத்தாள்.

"திரும்பி நில்லு."

"ஏன்?"

"நில்லேன்."

பெனடிக்ரா திரும்பி நின்றாள். அவள் முகத்துக்கு நேரே, இரண்டு கூரைகளுக்கு நடுவில், இங்கேயும் ஒரு சாண் கடல் தெரிந்தது.

"இது ஆருக்கு?" என்று கேட்டாள் மர்லியா.

"எல்லாருக்கும் குடுத்தாச்சே."

"வராத ஆள் இன்னும் ஒருத்தர் ஈக்கிறாரே."

ஒரு பஸ் போனது, ஒரு சைக்கிள் போனது.

"அப்பாவுக்கு," என்றாள்.

அவள் திரும்பியபோது மர்லியாவின் உள்ளங்கையில் அந்தப் புளியங்கொட்டைப் பணிஸ் இருந்தது. மர்லியா அதைத் தொடவே இல்லை.

"இதை எப்பிடி அவருக்கு அனுப்பிறது?" என்றாள் பெனடிக்ரா.

"அனுப்ப ஏலாது. பழசாகிப் போகும்," என்றாள் மர்லியா. "இன்டைக்கு அவருக்காக நீ சாப்பிடு. அவர் வார அன்டைக்கு நாங்க சுடச்சுடப் புதுசு வெப்போம்."

பெனடிக்ரா கண்ணைத் துடைத்துக்கொண்டு அதை அங்கேயே நின்று சாப்பிட்டாள், தாளில் ஒட்டியிருந்த மீன் துண்டையும் விடவில்லை.